மாமாவின் கூடாரம் எரிந்தது தொடர்பாக

மதிப்பும் பிரியமும் மிக்க அத்தைக்கு,

உங்கள் தம்பியின் இளைய மகள் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உங்கள் வீட்டுக் கூடாரம் ஒன்றைத் தவிர. அங்கே முழங்கால் வலி குறைந்து நீங்களும், கோபம் குறைந்து மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று தொலைபேசியில் நீங்கள், "மாமா மனசு ஆறுற மாதிரி நடந்ததை ஒரு கடிதமா எழுதி அனுப்பு, வாயால சொன்னா அவருக்குப் பத்தாது" என்றீர்கள். அதே மூச்சில், "மாடி ரூமைப் பத்தி இப்ப பேச்சு வேண்டாம்மா, தரையெல்லாம் மரப்பலகை, எனக்குப் பயமா இருக்கு" என்றும் சொன்னீர்கள். மாமாவின் மனம் ஆற வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பேனாவை எடுத்தது அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக. அதை மறைத்து எழுதினால் நீங்கள் மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். உங்கள் ஊர் அச்சகத்தில் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலையில் வருகிற ஒன்றாம் தேதி நான் சேர வேண்டும். "அத்தை வீட்டு மாடின்னா சரி, வேற எங்கயும் தங்க விட மாட்டேன்" என்பது அப்பாவின் நிபந்தனை. ஆக, அறை இல்லையென்றால் வேலை இல்லை. எங்கள் வீட்டில் என் கட்டில் எங்கே கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஹாலிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியில். அங்கே படுத்துப் புத்தகம் படிப்பது பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படிப்பது போல. அங்கே பேருந்து வரும், இங்கே அப்பா துண்டோடு வருவார், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் மாடி அறைக்கு ஒரு கதவு இருக்கிறது, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. அந்தத் தாழ்ப்பாளை நான் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது என்னவென்று எனக்குத் தெரியும். நான் ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுப்பைப் பற்றவைத்தேன், கதை சுவாரசியமான இடத்துக்கு வந்ததால் அடுப்பை மறந்தேன், புத்தகம் சரிந்து தீயில் விழுந்தது, தீ கூடாரத்துக்குத் தாவியது, அப்பா தன் உயிரைப் பணயம் வைத்து எல்லோரையும் காப்பாற்றினார். நன்றாகத்தான் இருக்கிறது. இதை நானே எழுதியிருந்தால் புத்தகம் விழுகிற இடத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பேன். அக்கா சொன்ன வடிவம் இது. "என்னடி இப்படிச் சொல்லி வச்சிருக்கே" என்று கேட்டபோது, "அத்தை துருவித் துருவிக் கேட்டாங்கடி, வெறுமனே சொன்னா நம்ப மாட்டாங்கன்னு ஒரு புத்தகத்தைச் சேர்த்தேன். உன் கையில புத்தகம் இல்லாம இருந்ததுன்னா யாரு நம்புவாங்க?" என்றாள். அவள் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். அப்பா ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் தீப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை. தினம் காலையில் அம்மா அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரைக் கேஸ் குழாயில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அது வரைக்கும் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "இவரு ஆபீஸ்ல இருந்தப்போ எனக்கு எட்டு மணி நேரம் லீவு, இப்ப எனக்கு லீவே இல்ல" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தீப் பாதுகாப்புப் பாடம் நடத்த வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அப்பா அதை நின்றுகொண்டு ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தார். பிறகு குடும்பத்தோடு எங்கேயாவது போய் இதைக் கொண்டாட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். ஏரிக்கரை முகாம் என்று சொன்னவர் அக்கா வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை. கூடாரத்தை உங்களிடம் வாங்கி வந்தது அம்மா. மாமா அதை வருடத்துக்கு ஒரு முறை மொட்டை மாடியில் விரித்து வெயில் காட்டி மடித்து வைப்பதோடு சரி, உள்ளே யாரையும் படுக்கவிட்டதில்லை என்று அப்போதே கேள்விப்பட்டேன். அடுப்பை மட்டும் அப்பா புதிதாக வாங்கினார். பெட்டி மாதிரி தட்டையாக இருக்கும், ஒரு பக்கம் பர்னர், மறு பக்கம் சின்ன அறை, அந்த அறைக்குள் கேஸ் டப்பாவைப் படுக்க வைத்து, பக்கத்தில் இருக்கிற பிடியைக் கீழே அழுத்தினால் டப்பா பூட்டிக்கொள்ளும்.

அடுப்போடு வந்த துண்டுச்சீட்டைப் படித்தது நான். எதையாவது படிக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது என்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த குறை. இந்த வீட்டில் எனக்கு 'நூலகம்' என்று பெயர், அது பாராட்டு இல்லை. காரில் பின்சீட்டில் அக்காவுக்கும் பாத்திர மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து அந்தச் சீட்டை முன்னும் பின்னும் படித்தேன். கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர். அடுப்பைவிட அகலமான பாத்திரம் வைக்காதீர், சூடு டப்பாவின் மேல் இறங்கும். சுற்றிலும் தடுப்பு வைக்காதீர், அதே காரணம். டப்பா அளவுக்கு மீறிச் சூடானால் பிடி தானாக மேலே எழும்பி கேஸ் நிற்கும், ஆறும் வரை மீண்டும் அழுத்தாதீர். இதை உரக்கப் படித்துக் காட்டினேன். ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "கரெக்ட்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் கரெக்ட் என்பார், அதனால் அதற்கு மதிப்பில்லை. முன்சீட்டிலிருந்து அப்பா திரும்பாமலே, "அந்தச் சீட்டை எழுதுனவனுக்கே நான் பாடம் எடுத்திருப்பேன்மா" என்றார். மாப்பிள்ளை அதற்கும் கரெக்ட் என்றார்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் நாங்கள் ஏரியைப் பார்க்கவில்லை. முதலில் ஒத்திகை. அப்பா ஒரு மரத்தடியில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, இதுதான் ஒன்றுகூடும் இடம் என்றார். மரத்தில் ஆணி அடிக்காமல் கயிற்றால் தீயணைப்பானைத் தொங்கவிட்டார். கூடாரத்திலிருந்து பத்தடி அளந்து அடுப்புக்கு இடம் குறித்தார். எங்களுக்கு எண் கொடுத்தார். அம்மா ஒன்று, அக்கா இரண்டு, மாப்பிள்ளை மூன்று, நான் நான்கு. விசில் ஒரு முறை நீளமாக ஊதினால் எந்த வேலையில் இருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, ஓடாமல் வேகமாக நடந்து வட்டத்துக்குள் வந்து வரிசையாக நிற்க வேண்டும், எண்ணைக் கூப்பிடும்போது ஆஜர் சொல்ல வேண்டும். முதல் தடவை அக்கா கைப்பையோடு வந்துவிட்டாள். "பை முக்கியமா, உயிர் முக்கியமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை அம்மா செருப்பைத் தேடினாள், அதற்கும் திருப்பி அனுப்பினார். பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தன. ஐந்தாம் தடவை நாங்கள் வரிசையாக, வெறுங்கையோடு, ஐம்பது விநாடியில் வந்து நின்றோம். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப சரி" என்றார். அத்தை, நான் இதை எழுதுவது சிரிக்க வைக்க இல்லை. நாங்கள் எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் மாமாவின் கூடாரம் போனதற்கு அந்தப் பழக்கமே காரணம்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும், ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது, கூடவே தூறல். பத்தடி தள்ளி வைத்த அடுப்பு ஏற்றுவதற்குள் அணைந்தது. அப்பா முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று பார்த்தார், மாப்பிள்ளையைக் குடையோடு நிறுத்திப் பார்த்தார், அதற்கும் அணைந்தது. அம்மா, "ஒரு வாய் தேநீர் இல்லாம தலை பிளக்குது, உங்க ஒத்திகைக்கு ஆடுன ஆட்டத்துக்கு" என்றாள். அப்பாவுக்கு அம்மாவின் தலைவலி என்றால் கொஞ்சம் பயம். அடுப்பை எடுத்துக்கொண்டு போய்க் கூடாரத்தின் வாசல் மடிப்புக்குள் வைத்தார், இரண்டு பக்கத் துணியையும் இழுத்துவிட்டார். "அப்பா, கூடாரத்துக்குள்ள வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன். "இது உள்ள இல்ல, வாசல்" என்றார். ஐந்து பேருக்கு வேண்டுமே என்று அம்மா கொண்டு வந்திருந்த அகலப் பாத்திரத்தை ஏற்றினார். அது அடுப்பை மூடி, டப்பா இருக்கிற அறையையும் மூடிக்கொண்டு நின்றது. காற்று கீழ்வழியாக வந்ததால் நான்கு எவர்சில்வர் தட்டுகளைச் சுற்றிலும் நிறுத்தினார். நான் ஒவ்வொன்றுக்கும் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. "அவளை யாராவது வேற எதையாவது படிக்கச் சொல்லுங்க" என்றார் அப்பா.

ஏழெட்டு நிமிடம் கழித்து டக்கென்று ஒரு சத்தம். பிடி மேலே எழும்பிவிட்டது, தீ அணைந்தது. சீட்டில் எழுதியிருந்தது எழுதியபடி நடந்ததை நான் வாழ்க்கையில் பார்த்தது அதுதான் முதல் முறை, சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா பிடியை அழுத்திப் பற்றவைத்தார். மூன்று நிமிடத்தில் மறுபடி டக். "மட்டமான சாமான், பிடி லூசா இருக்கு" என்றார். பிறகு அவர் செய்தது இது. கூடாரக் கயிற்றில் மிச்சம் இருந்த ஒரு துண்டை எடுத்து, அந்தப் பிடியைக் கீழே அழுத்தி, எழும்பாதபடி இரண்டு சுற்று சுற்றிக் கட்டினார். அத்தை, சின்ன வயதில் நான் அப்பாவோடு தொழிற்சாலைக்குப் போயிருக்கிறேன். ஓர் இயந்திரத்தின் பாதுகாப்பு விசையைக் கம்பியால் கட்டிவைத்து வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரை, அவர் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் அப்பா திட்டியதைப் பார்த்திருக்கிறேன். "விசையைக் கட்டுறது உன் கழுத்துல கயிறு கட்டுறது மாதிரிய்யா" என்றார் அன்று. கயிறு கட்டும்போது அந்தப் பெரியவரை அவருக்கு நினைவு வந்ததா என்று நான் கேட்கவில்லை. முடிச்சு மட்டும் நல்ல முடிச்சு. முப்பத்தொரு வருட அனுபவம் அந்த முடிச்சில் தெரிந்தது.

டப்பா வெடிக்கவில்லை, அது நம் அதிர்ஷ்டம். டப்பாவின் கழுத்துப் பக்கம் முதலில் ஒரு சீறல் கேட்டது, பிறகு அங்கேயே நீலமாக ஒரு நாக்கு, அடுத்த நொடி அது மஞ்சளாகி முழங்கால் உயரம் வந்தது. அப்பா பின்னால் துள்ளியதில் தட்டுகள் சிதறின, காற்றில் ஆடிக்கொண்டிருந்த வாசல் துணி தீயில் விழுந்தது. அந்தத் துணி எரிவதில்லை அத்தை, உருகுகிறது, சொட்டுச் சொட்டாக, சொட்டும்போதே எரிகிறது. அப்பா கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

நாங்கள் எல்லோரும் வந்தோம். ஓடாமல், வேகமாக நடந்து. மாப்பிள்ளை குடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அம்மா அப்போதுதான் குழாயடியிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கூடாரத்தின் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். நான்கு எட்டு தூரத்தில் தீ. தளும்பத் தளும்பத் தண்ணீர். விசில் சத்தம் கேட்டதும் அம்மா வாளியை மெதுவாகத் தரையில் வைத்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வட்டத்துக்கு வந்து நின்றாள். நானும்தான். வாளியைத் தாண்டித்தான் நானும் வந்தேன். எவ்வளவோ படித்திருக்கிறேன் என்று எல்லோரும் கேலி செய்கிறீர்களே, அந்த ஒரு நிமிடத்தில் என் தலைக்குள் இருந்தது நான்கு என்ற எண் மட்டும். அப்பா ஒன்று என்றார், அம்மா ஆஜர் என்றாள். இரண்டு என்றபோது அக்கா அழுதுகொண்டிருந்ததால் அவளை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வழக்கப்படி கரெக்ட் என்று சொல்லிவிட்டார், "ஆஜர்னு சொல்லணும்" என்று திருத்தினார் அப்பா. அவருக்குப் பின்னால் மாமாவின் கூடாரம் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் நான்கு பேருக்கும் அது தெரிந்தது, அவர் எங்களைப் பார்த்து நின்றதால் அவருக்கு மட்டும் தெரியவில்லை. கணக்கு சரியாக முடிந்த பிறகு மரத்திலிருந்து தீயணைப்பானை எடுத்து, பாதுகாப்பு ஊசியை உருவி, காற்றுக்கு முதுகைக் காட்டி, தீயின் அடிப்பக்கம் பார்த்து, இடமும் வலமும் வீசி அடித்தார். பாடப்புத்தகத்தில் படம் போடலாம், அவ்வளவு சரியாக அடித்தார். அப்போது அங்கே மூன்று கம்பிகளும் ஒரு கறுப்பு வட்டமும் மட்டும்தான் இருந்தன.

முகாம் காவலாளி ஒரு தடிப் பதிவேட்டோடு வந்தார். "யாரு சார் பத்தவச்சது? பேரு, உறவு, ரெண்டும் எழுதணும்" என்றார். அப்பா வாயைத் திறந்தார், இருமல் வந்தது. உண்மையான இருமலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அந்த இருமல் முடிவதற்குள் அம்மா, "சின்னவ. தெரியாம பண்ணிட்டா, சின்னப் பொண்ணு" என்றாள். எனக்கு இருபத்தாறு வயது. அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயிற்சி நிலையத்துக் கடிதம் முழுக்க இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததைக் காவலாளி எழுதிக்கொண்டார். பிறகு எனக்குப் பத்து நிமிடம் தீப் பாதுகாப்பு பற்றி அறிவுரை சொன்னார். "அடுப்போட ஒரு சீட்டு வந்திருக்குமேம்மா, அதை ஒரு தடவை படிச்சிருக்கலாம்ல" என்றார். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் காவலாளி, தீயணைப்பானை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும் என்று ஏதோ சொல்லப்போக, அது போதாது, அழுத்தமானியின் முள்ளையும் பார்க்க வேண்டும் என்று அவரைத் திருத்தினார். அதைத் திருத்த மட்டும் இருமல் வரவில்லை.

நீங்கள் கேட்கலாம், "அப்பவே ஏன் சொல்லலை?" என்று. வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு என்னடி போச்சு? உன்னை யாரு தீயணைக்கக் கூப்பிடப்போறாங்க? அவரு பத்தவச்சாருன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா அந்த வேலை அவ்வளவுதான். அப்புறம் அந்த மனுஷன் சாகுற வரைக்கும் என் அடுப்புக்கு சோப்புத் தண்ணி தடவிக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அந்தக் கடிதம் வர்றதுக்கு முன்னாடி அவரு எப்படி இருந்தாரு, நீ பாத்தேல்ல" என்றாள். பார்த்தேன். காலையில் எழுந்து சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல், வாசல் வரை போய்த் திரும்பி வந்து அதைக் கழற்றி மாட்டுவார். அதையும் என் கட்டிலைத் தாண்டித்தான் செய்வார். அதனால் சும்மா இருந்தேன். என்னுடைய பங்குக்கு ஒரு பொய்யைச் சுமந்துவிட்டுப் போகிறேன், நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

யாரும் மறக்கவில்லை. அக்கா புத்தகத்தைச் சேர்த்தாள். மாப்பிள்ளை அவர் அலுவலகத்தில் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மா நான் தீக்குச்சி கேட்டுப் போனபோது, "உங்க அம்மாவை வரச் சொல்லும்மா" என்று கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டார். சாட்சி வேண்டுமென்றால் முகத்திலேயே இருக்கிறது. என் புருவம் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அப்பாவுக்கு இடது புருவம் கருகிப் பாதிதான் மிச்சம். தினமும் அவர் வெளியே கிளம்பும்போது அம்மா கண்மைப் பென்சிலால் மீதியை வரைந்துவிடுகிறாள். உங்களோடு வீடியோவில் பேசும்போது அவர் ஏன் ஒரு பக்கமாகவே உட்கார்ந்திருந்தார் என்று இப்போது புரிந்திருக்கும். "தம்பி இளைச்சுட்டான்" என்றீர்கள். இளைத்தது அவரில் அந்த அரைப் புருவம் மட்டும்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா தட்டைப் பார்த்தபடியே, "இருந்தாலும் நீ இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கலாம்மா" என்றார். யாருக்காகவும் நடிக்கவில்லை, அங்கே நாங்கள் மூவர் மட்டும்தான் இருந்தோம். நிஜமான வருத்தத்தோடு சொன்னார். பொய்யை அம்மா சொன்னாள், அக்கா அலங்கரித்தாள், அப்பா நம்ப ஆரம்பித்துவிட்டார். அம்மாகூட ஒரு நொடி கரண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அதற்கு மறுநாள்தான் மாடி அறை இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள்.

ஆகவே அத்தை, அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்தவரும், பற்றவைத்தவரும், பிடியைக் கட்டியவரும் உங்கள் தம்பி. நான் செய்தது, துண்டுச்சீட்டைப் படித்தது ஒன்றுதான். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. மாமாவிடம் சொல்லுங்கள், அக்காவைக் கூப்பிட்டுக் கேளுங்கள், உங்கள் தம்பியையே வீடியோவில் நேராக உட்காரச் சொல்லிப் பாருங்கள். அதனால் அவருக்கு அந்த வேலை போனால் போகட்டும். பதினோரு நாளாக என் பெயர் போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு யாரும் விசில் ஊதவில்லை. எனக்கு அந்த அறை வேண்டும். அங்கே அடுப்பே வைக்க மாட்டேன், ரொட்டியைத் தின்று தண்ணீர் குடித்துக்கொள்வேன். மரப்பலகைக்கு ஒரு கீறல்கூட விழாது.

உங்கள் முழங்காலுக்கு நல்ல நடையும், மாமாவின் மனதுக்கு வேறொரு கூடாரமும் அமைய வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, பெரியவர்கள் இருவர் காலையும் தொட்டு வணங்கி முடிக்கிறேன்.

தங்கள் தம்பியின் இளைய மகள்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் அப்பா வந்தார். பயிற்சி நிலையத்திலிருந்து நான்கு பக்கத்துக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். "உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ எழுது, நான் சொல்றேன்" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறந்த தேதி, படிப்பு, பார்த்த வேலை எல்லாம் மளமளவென்று சொன்னார். மூன்றாம் பக்கத்தில் பதினான்காவது கேள்வி. 'தங்கள் கவனக்குறைவால் எப்போதாவது தீ விபத்து நேர்ந்திருக்கிறதா? ஆம் எனில் விவரம் தருக.' உரக்கப் படித்துவிட்டுக் காத்திருந்தேன். அப்பா கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீதான் பக்கத்துல இருந்தே. எது நடந்துச்சோ அதை எழுதும்மா" என்றார். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். விவரம் எழுத ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள், நான் ஒரு வரிக்குள் எழுதிவிட்டிருப்பேன்.

'இல்லை' என்று எழுதினேன்.

அவர் எட்டிப் படித்தார். அடுத்த கேள்வியை நான் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் கையொப்பம் போட்ட பிறகு, ஒன்றாம் தேதி நான் வேலையில் சேரப்போகிறேன், அங்கே பெண்கள் விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். "சரிம்மா" என்றார். அத்தை வீட்டு மாடி என்ற நிபந்தனையை எடுக்கவே இல்லை. நான் 'இல்லை' எழுதி ஐந்து நிமிடத்தில் அவர் 'சரி' சொன்னதை வைத்து இதைப் பேரம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்துப் பார்த்தேன், எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை. விடுதியில் அறைக்கு நான்கு பேராம், சமைக்க அனுமதி இல்லையாம்.

ஆகவே அத்தை, ஒரே கையெழுத்தில் படிவம் ஒன்றும் கடிதம் வேறொன்றும் சொல்லக் கூடாது. மேலே உள்ள பக்கங்களை நீங்கள் மட்டும் ஒரு முறை படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். மாமாவிடம் சொல்ல வேண்டியது இது: அடுப்பைப் பற்றவைத்தது நான்தான், மன்னித்துக்கொள்ள வேண்டும். அவர் நம்பவில்லை என்றால், அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். அது மட்டும் பொய்யில்லை.